கனம் தாங்கும் குரோஷே டோட் பை: அடி முதல் கைப்பிடி வரை

கொக்கி ஊசியால் பின்னும் குரோஷேயில் போட்ட பை வெறுமையாக இருக்கும்வரை அழகாகத்தான் இருக்கும். உள்ளே இரண்டு புத்தகமும் ஒரு தண்ணீர் பாட்டிலும் போனதும் அடி தொங்கும், கைப்பிடி நீளும், இடுப்பில் இருந்த பை முழங்காலுக்கு இறங்கும். நூலைக் குறை சொல்லிப் பயனில்லை. நெய்த துணியில் நூல் நேராக ஓடுகிறது. குரோஷேயில் கண்ணிக்குள் கண்ணியாக வளைந்து வளைந்து ஓடுகிறது. கனம் ஏறும்போது அந்த வளைவுகள் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்கின்றன. அதனால்தான் நீளுகிறது.

ஆகவே பையின் உறுதி டிசைனில் இல்லை. பின்னல் எவ்வளவு இறுக்கம், அடியில் எத்தனை அடுக்கு, எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கைப்பிடி எப்படிப் போட்டு எங்கே தைத்திருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. இந்த வழிகாட்டியும் அங்கேதான் அதிக நேரம் நிற்கும். செயின், சிங்கிள் குரோஷே, டபுள் குரோஷே, ஸ்லிப் ஸ்டிட்ச் இந்த நான்கும் தெரிந்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. இங்கே சொல்லும் பெயர்கள் அமெரிக்க முறைப்படி. பிரிட்டிஷ் முறையில் எழுதிய பேட்டர்ன்களில் நம் சிங்கிளுக்கு டபுள் என்றும், நம் டபுளுக்கு ட்ரெபிள் என்றும் பெயர். வேறு இடத்தில் பார்த்த ஒரு டிசைனை இந்தப் பையில் சேர்க்க நினைத்தால், அது எந்த முறை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடித்த பை சுமார் 30 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 34 செ.மீ. உயரம் இருக்கும்.

நூலும் ஊசியும்

பருத்தி நூலைத்தான் எடுக்கச் சொல்வேன். அக்ரிலிக் லேசானது, விலையும் குறைவு, ஆனால் ரப்பர் போல இழுபடும். சணல் உறுதியானது, விரலைப் பதம் பார்த்துவிடும். பழைய டி-ஷர்ட்டைக் கிழித்துச் செய்யும் நூலில் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் பையே பாதிச் சுமை ஆகிவிடும். பருத்தியிலும் மெர்சரைஸ் செய்த (காரத்தில் நனைத்துப் பளபளப்பாக்கிய) நூல் கிடைத்தால் நல்லது: வழுவழுப்பாக இருக்கும், பிசிறு குறைவு, ஸ்டிட்ச் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரியும்.

நூலின் தடிமனை லேபிளில் 0 முதல் 7 வரை எண்ணாகப் போட்டிருப்பார்கள். நமக்கு வேண்டியது 4, அதாவது மீடியம். மெல்லிய நூல்தான் கையில் இருக்கிறதென்றால் இரண்டு இழையைச் சேர்த்துப் பிடித்துப் போடலாம். இரண்டு நிறத்தைச் சேர்த்தால் கலவையாக அழகாகவும் வரும்.

குரோஷே ஊசி விஷயத்தில் லேபிளைக் கேட்காதீர்கள். அதில் எழுதியிருப்பது ஸ்வெட்டருக்கும் சால்வைக்கும் பொருந்தும் அளவு. துணி மெத்தென்று விழ வேண்டும் என்பதற்காகச் சொன்னது. பை விறைப்பாக நிற்க வேண்டும். லேபிளில் 5 மி.மீ. என்றிருந்தால் 4 மி.மீ. எடுங்கள். பையின் வாயைச் சுற்றி வரும் வாய்ப்பட்டிக்கு மட்டும் 3.5 மி.மீ. ஒன்று வேண்டும். இவை போக நாலைந்து ஊக்கு, மழுங்கிய முனையும் பெரிய காதும் உள்ள ஒரு ஊசி, அளவு நாடா, கத்தரிக்கோல், கைப்பிடியின் பின்னால் தைக்க 2.5 செ.மீ. அகலப் பருத்தி நாடா சுமார் 2 மீட்டர். அடியில் வைக்க ஒரு பிளாஸ்டிக் கேன்வாஸ் (சல்லடைபோல ஓட்டைகள் உள்ள விறைப்பான பிளாஸ்டிக்) தாள் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை.

நூல் மொத்தம் சுமார் 550 மீட்டர் வேண்டியிருக்கும். இது ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் கைக்கு எவ்வளவு ஆகும் என்பதைப் பையே சொல்லிவிடும்: அடியின் முதல் அடுக்கை முடித்ததும் தராசில் வையுங்கள். அந்த எடையை 15 ஆல் பெருக்கினால் முழுப் பைக்கும் வேண்டிய நூல் கிடைத்துவிடும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும். கையிருப்பு போதாது என்றால் அப்போதே வாங்கிவிடுங்கள். ஒரே நிறமாக இருந்தாலும் சாயத் தொகுதி (ஒரே தடவையில் சாயம் போட்ட நூல்கள்) மாறினால் நடுச்சுவரில் கோடு விழுந்த மாதிரி தெரியும்.

முதலில் ஒரு அளவுத் துண்டு

21 செயின் போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது செயினில் தொடங்கி 20 சிங்கிள், அப்படியே 20 வரிசை. துண்டின் நடுவில் 10 செ.மீ.க்குள் 16 ஸ்டிட்ச், 18 வரிசை வந்தால் கீழே உள்ள எண்களை அப்படியே பின்பற்றலாம். 14 தான் வருகிறதென்றால் ஊசியை அரை மி.மீ. குறையுங்கள்.

எண்ணைவிட விரல் சொல்வது சரியாக இருக்கும். துண்டை விரித்துப் பிடித்து, சுண்டுவிரல் நுனியால் நடுவில் அழுத்துங்கள். விரல் எளிதாக மறுபக்கம் எட்டிப் பார்த்தால் அது பைக்கு ஆகாது. சாவியும் பேனாவும் அந்த வழியாக வெளியே வரும்.

இறுக்கத்துக்கு இன்னொரு வழி உண்டு. சிங்கிள் போடும்போது ஸ்டிட்ச்சுக்குள் ஊசியை விட்டு நூலைப் பிடிக்கிறோம் அல்லவா, வழக்கமாக நூலை ஊசியின் மேலாகச் சுற்றி இழுப்போம். அதற்குப் பதிலாக ஊசியை நூலுக்கு மேலே கொண்டுபோய், கொக்கியைக் கீழ்நோக்கித் திருப்பி, நூலை மேலிருந்து கவ்வி இழுங்கள். அப்புறம் ஊசியில் உள்ள இரண்டு கண்ணிகளையும் வழக்கம்போல் மூடுங்கள். V வடிவத்துக்குப் பதிலாகச் சின்னச் சின்ன X ஆக ஸ்டிட்ச் விழும். துணி இன்னும் நெருக்கமாகும். பொம்மை பின்னுகிறவர்கள் பஞ்சு வெளியே தெரியாமலிருக்க இப்படிப் போடுவது வழக்கம். ஆனால் ஒன்று, இதில் அளவு சற்றுச் சுருங்கும். இந்த முறையில் போடுவதானால் அளவுத் துண்டிலிருந்தே எல்லாச் சிங்கிளையும் இப்படியே போடுங்கள். பாதியில் மாற்றாதீர்கள்.

அடி: இரண்டு அடுக்கு

49 செயின். இதை மட்டும் 4.5 மி.மீ. ஊசியிலோ, தளர்வாகவோ போடுங்கள். தொடக்கச் செயின் இறுகினால் அடி படகு மாதிரி வளையும். இரண்டாவது செயினிலிருந்து 48 சிங்கிள். ஒரு செயின் போட்டுத் திருப்பி, மறுபடி 48. இப்படி 18 வரிசை போட்டால் 30 × 10 செ.மீ. செவ்வகம் வரும்.

வரிசையின் கடைசி ஸ்டிட்ச்தான் பலருக்கும் தவறிப்போகும். ஓரம் உள்வாங்கிக்கொண்டே போகிறது என்றால் அதைத்தான் விட்டுக்கொண்டிருக்கிறீர்கள். முதல் ஸ்டிட்ச்சில் ஒரு ஊக்கு, கடைசியில் ஒரு ஊக்கு போட்டுவைத்தால் ஒவ்வொரு முறையும் எண்ண வேண்டியதில்லை.

இதே போல இன்னொரு செவ்வகம். முதலாவதன் நூலை வெட்டி முடிச்சிடுங்கள். இரண்டாவதில் நூலை வெட்ட வேண்டாம், அதைக் கொண்டுதான் மேலே ஏறப் போகிறோம்.

இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரண்டு அடுக்கையும் சேர்த்துத் துளைத்துச் சுற்றிலும் சிங்கிள் போடுங்கள். நீளப்பக்கத்தில் 48. குறுகிய பக்கத்தில் 18 வரிசை முனைகள் இருக்கும். அதில் இரண்டை ஆங்காங்கே விட்டுவிட்டு 16. மறு நீளப்பக்கம் 48, மறு குறுகிய பக்கம் 16. மொத்தம் 128. கடைசி மூலையில் ஒன்று கூடுதலாகப் போட்டு 129 ஆக்குங்கள். இந்த ஒற்றைப்படை எண்ணின் காரணம் சுவரில் தெரியும். மற்ற மூலைகளில் கூட்ட வேண்டாம். கூட்டாமல் விட்டால்தான் சுவர் தட்டையாக விரியாமல் எழுந்து நிற்கும்.

பிளாஸ்டிக் கேன்வாஸ் வைப்பதென்றால் 28 × 8 செ.மீ. அளவில் வெட்டி, நான்கு முனைகளையும் வட்டமாகக் கத்தரித்துவிட்டு, நான்காவது பக்கத்தை மூடும் முன் உள்ளே செருகிவிடுங்கள். முனையைக் கூராக விட்டால் கொஞ்ச நாளில் நூலை அறுக்கும். அட்டை வேண்டாம், ஒரு தடவை நனைந்தால் கூழ்.

சுவர்

இனி திருப்புவது கிடையாது, சுற்றை மூடுவதும் கிடையாது. திருகுபோல ஒரே ஓட்டமாக மேலே போகிறோம். சுற்றின் முதல் ஸ்டிட்ச்சில் ஒரு ஊக்கு போட்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் அதை மேலே ஏற்றிக்கொண்டே வாருங்கள். முதல் 4 சுற்று வெறும் சிங்கிள். தரையில் உரசப் போகும் இடம் இதுதான், அதனால் இங்கே அலங்காரம் வேண்டாம்.

அப்புறம்தான் மேடுபள்ளம் வரும் டிசைன். இதற்கு எத்தனையோ வழி இருக்கிறது. பந்து பந்தாகப் புடைக்கும் பாபிள் படத்தில் அழகாக விழும், ஆனால் நூலை விழுங்கும், போகிற வழியில் எல்லாவற்றிலும் மாட்டும். கட்டம் கட்டமாக வரும் வாஃபிள் தடிமன்தான், ஆனால் கனம் ஏறிவிடும். பைக்கு எனக்குப் பிடித்தது லெமன் பீல். ஒரு சிங்கிள், ஒரு டபுள், ஒரு சிங்கிள், ஒரு டபுள், அவ்வளவுதான். அடுத்த சுற்றில் சிங்கிளின் மேல் டபுள், டபுளின் மேல் சிங்கிள். உயரமான டபுள் இரண்டு குட்டைச் சிங்கிள்களுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறது. நிமிர இடமில்லாததால் பக்கவாட்டில் புடைத்துக்கொண்டு வருகிறது. எலுமிச்சைத் தோல்போல மணிமணியாகத் தெரிவது அந்தப் புடைப்புதான். பெரிய ஓட்டை எதுவும் விழாது.

129 என்ற எண்ணுக்கு வருவோம். சிங்கிளில் தொடங்கி மாறி மாறிப் போட்டால் 129ஆவது ஸ்டிட்ச்சும் சிங்கிளாகத்தான் வரும். அடுத்தது டபுள், அது தானாகவே முதல் சுற்றின் முதல் சிங்கிளின் தலையில் போய் உட்காரும். சுற்று மாறும்போது எதையும் யோசிக்க வேண்டாம், கை பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கலாம். அளவை மாற்றிப் போடுகிறவர்களும் மொத்த எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும்.

பிழையையும் இது உடனே காட்டிக்கொடுத்துவிடும். டபுள் போடப் போகும் இடத்தில் கீழே ஏற்கெனவே ஒரு டபுள் நின்றால், எங்கோ ஒன்றை விட்டிருக்கிறீர்கள் அல்லது ஒரே ஸ்டிட்ச்சில் இரண்டு போட்டிருக்கிறீர்கள். மேலே போகாதீர்கள். பிரித்துவிட்டு அந்த இடத்தைச் சரிசெய்யுங்கள். ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ ஒப்பேற்றினால் மணிகள் கோடாக மாறி, ஊரறியத் தெரியும்.

ஐந்தாறு சுற்று ஆனதும் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, சுற்றளவு. அடியில் 80 செ.மீ. இருந்தது இங்கே 84 என்று காட்டினால் டிசைன் பகுதியை 3.5 மி.மீ. ஊசிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு, உட்பக்கம். ஒரே திசையில் திருப்பாமல் போடும்போது உயரமான ஸ்டிட்ச் நம்மை விட்டு அந்தப் பக்கமாகப் புடைப்பது உண்டு. உள்பக்கம்தான் மணிமணியாக அழகாக இருக்கிறது என்றால் அதையே வெளிப்பக்கமாக வைத்துக்கொள்ளலாம், முடித்தபின் பையைப் புரட்டிப்போட்டால் ஆயிற்று. அதனால் நூல் முனைகளை இப்போதே செருகிவிடாதீர்கள்.

அடியிலிருந்து 30 செ.மீ. உயரம் வரும்வரை தொடருங்கள். சுற்றுகளை எண்ண வேண்டாம், அளவு நாடாவே போதும். பையைத் தொங்கவிட்டு அளக்காமல் மேசையில் படுக்கவைத்து அளங்கள்.

புது நூல் சேர்ப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பருத்தி வழுக்கும், அதிலும் மெர்சரைஸ் செய்தது முடிச்சையே அவிழ்த்துக்கொண்டு வரும். 15 செ.மீ. முனை விட்டு, பின்னால் மழுங்கிய ஊசியால் ஒரு திசையில் செருகி, திரும்பி எதிர்த் திசையில் செருகி, மறுபடி ஒருமுறை திருப்புங்கள். சேர்ப்பு சுவரின் நடுவில் வரலாம். கைப்பிடியில் மட்டும் வரவே கூடாது. அதனால் கைப்பிடிக்கு ஒரு முழு உருண்டையை முன்கூட்டியே ஒதுக்கிவிடுங்கள்.

வாய்ப்பட்டி

3.5 மி.மீ. ஊசிக்கு மாறி, 6 சுற்று சிங்கிள். ஊசி சிறிதானதால் வாய் கொஞ்சம் உள்வாங்கும். நமக்கு அதுதான் வேண்டும். பையின் வாய் நாளடைவில் விரிகிற பேர்வழி. சுற்று முடியும் இடத்தில் ஒரு சின்னப் படி தெரியும். கடைசி இரண்டு ஸ்டிட்ச்சை ஸ்லிப் ஸ்டிட்ச்சாகப் போட்டு அதைச் சரிவாக்குங்கள். பிறகு வாய் முழுவதும் ஒரு சுற்று ஸ்லிப் ஸ்டிட்ச். ஸ்லிப் ஸ்டிட்ச்சுக்கு உயரமும் கிடையாது, இழுபடும் குணமும் குறைவு. இந்த ஒரு சுற்றுதான் வாயை விரியாமல் கட்டிவைக்கும்.

இப்போது எந்தப் பக்கம் வெளியே என்று முடிவுசெய்து, வேண்டுமானால் புரட்டிவிட்டு, நூல் முனைகளைச் செருகுங்கள். அப்புறம் அடியும் சுவரும் சந்திக்கும் விளிம்பில், துணியின் மேலாகவே ஒரு சுற்று ஸ்லிப் ஸ்டிட்ச் போடுங்கள்: நூலை உள்பக்கம் வைத்து, வெளியிலிருந்து ஊசியை விட்டு, ஒவ்வொரு கண்ணியாக மேலே இழுத்து முந்தைய கண்ணிக்குள் விட வேண்டும். தொளதொளவென்று இருந்த அடி பெட்டிபோல மடிப்பு விழுந்து நிற்பதை அந்த ஒரு சுற்றிலேயே பார்ப்பீர்கள்.

கைப்பிடி

பலரும் வாயிலிருந்தே செயின் போட்டு வளைத்துக் கைப்பிடியாக்கிவிடுகிறார்கள். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் முழுக் கனமும் கைப்பிடி தொடங்கும் அந்த நாலைந்து ஸ்டிட்ச்சில் போய் இறங்குகிறது. பை அங்கேதான் முதலில் கிழியும். தனியாகப் போட்டு, சுவரில் 10 செ.மீ. கீழே வரை இறக்கித் தைப்பதுதான் சரி.

இன்னொரு தவறு, ஆறு ஸ்டிட்ச் அகலத்தில் குட்டிக் குட்டி வரிசையாக 80 செ.மீ. போடுவது. ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே கொஞ்சம் கொஞ்சம் நீண்டு, மொத்தத்தில் நிறைய நீளும். நாம் நீளவாக்கில் போடுவோம். 129 செயின், அதில் 128 சிங்கிள், மொத்தம் 6 வரிசை. பிறகு நான்கு ஓரமும் சுற்றி ஸ்லிப் ஸ்டிட்ச். நீளம் 80 செ.மீ., அகலம் மூன்றரைக்குக் கொஞ்சம் குறையும். இதேபோல் இரண்டு. செயினை எண்ணும்போது சந்தேகம் வந்தால் ஐந்தாறு கூடுதலாகப் போட்டுவிடுங்கள். மிச்சத்தைத் தொடக்க முடிச்சின் பக்கத்திலிருந்து பிரித்துவிடலாம்.

பின்பக்கம் பருத்தி நாடாவை வைத்து, இரண்டு ஓரத்திலும் சாதாரணத் தையல் நூலால் கையாலேயே தையுங்கள். நாடாவை 78 செ.மீ. வெட்டுங்கள், அதாவது கைப்பிடியைவிட 2 செ.மீ. குறைவு. முதலில் இரண்டு முனைகளையும் சேர்த்து ஊக்கு குத்தி, பிறகு நடு, பிறகு இடைப்பட்ட இடங்கள் என்று பின்னலைச் சீராகத் தளர்த்திப் பொருத்துங்கள். கனம் வரும்போது முதலில் விறைப்பது நாடாதான். பின்னல் அதன் மேல் சும்மா அமர்ந்திருக்கும். நெய்த நாடா எளிதில் நீளாது. இந்த ஒரு வேலையைச் செய்யாமல் மற்ற எல்லாவற்றையும் செய்தாலும் பை இறங்கத்தான் செய்யும்.

எங்கே வைப்பது? திருகாகப் போகும் பின்னல் நேராக ஏறாது, ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகும். வலக்கைக்காரர்களுக்கு வலப்பக்கம். ஆகவே அடியின் மூலையிலிருந்து ஸ்டிட்ச்சைப் பிடித்துக்கொண்டு மேலே எண்ணிப் போனால் வாயில் வேறெங்கோ கொண்டுபோய்விடும். அடிமூலைகளைச் சரியாக மடித்து, பையைத் தட்டையாக நீவிவிட்டு, மூலைக்கு நேர் மேலே வாயில் ஊக்கு குத்துங்கள். முன்பக்கம் 30 செ.மீ. இருக்கும். இரண்டு ஓரத்திலிருந்தும் 6 செ.மீ. உள்ளே தள்ளிக் கைப்பிடியின் வெளி விளிம்பு வர வேண்டும். பின்பக்கமும் அதே அளவு.

உடனே தைத்துவிடாதீர்கள். முதலில் தற்காலிகமாகப் பெரிய ஓட்டுத் தையல் போட்டு, பைக்குள் மூன்று கிலோ அளவுக்குப் புத்தகங்களை வைத்து ஓர் இரவு கொக்கியில் மாட்டிவிடுங்கள். காலையில் தோளில் போட்டுப் பார்த்தால் எவ்வளவு இறங்கியிருக்கிறது, இரண்டு கைப்பிடியும் ஒரே அளவா என்பதெல்லாம் தெரிந்துவிடும். திருப்தியானதும் நிரந்தரத் தையல்: சுவரில் படிந்திருக்கும் 10 செ.மீ. பகுதியைச் சுற்றிச் செவ்வகமாக பேக் ஸ்டிட்ச் (ஒவ்வொரு முறையும் ஊசியைக் கொஞ்சம் பின்னால் கொண்டுவந்து குத்தும் தையல்), அப்புறம் மூலைக்கு மூலை குறுக்காக ஒரு X. ஊசி ஒவ்வொரு முறையும் கைப்பிடி, நாடா, சுவர் மூன்றையும் துளைத்துப் போக வேண்டும்.

தினமும் மடிக்கணினி, கனமான புத்தகம் என்று சுமக்கிறவர்கள் கைப்பிடியை இன்னும் நீளமாகப் போட்டு, சுவர் வழியாக அடிக்குக் கீழே ஓடவிட்டு மறுபக்கம் ஏற்றி ஒரே வளையமாக்கலாம். சுமார் 276 செ.மீ. வேண்டும். நாடாவும் அதற்கேற்ப வாங்க வேண்டும். வேலை அதிகம்தான், ஆனால் அப்போது கனத்தைத் தாங்குவது அந்த வளையம் மட்டுமே; சுவர் வெறும் உறை.

லைனிங்

கட்டாயமில்லை. சில்லறை, சாவி போடும் பழக்கம் இருந்தால் போடுங்கள். நெய்த பருத்தித் துணியை முதலில் நனைத்துக் காயவைத்துச் சுருங்கவிட்டு, 43 × 41 செ.மீ. அளவில் இரண்டு துண்டு வெட்டுங்கள். இரண்டு பக்கமும் கீழேயும் தைத்து, கீழ் மூலைகளைக் கிள்ளி முக்கோணமாக்கி, அதன் குறுக்கே 10 செ.மீ. நீளத்துக்கு ஒரு தையல் போட்டால் பையின் அடிக்குச் சரியாகப் பொருந்தும். லைனிங் பையைவிட ஒரு செ.மீ. குட்டையாக இருப்பது நல்லது. அப்போது உள்ளே உள்ள பொருள் துணியில் உட்காரும், பின்னலில் அல்ல. வாய்ப்பட்டியின் மேல் விளிம்போடு சேர்த்து எம்மிங் செய்துவிடுங்கள். வாய்ப்பட்டி வெளியே தெரியட்டும் என்றால் அதன் கீழ் விளிம்பில் தையுங்கள், அதற்கேற்ப 3 செ.மீ. உயரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

துவைப்பது

குளிர்ந்த நீரில் கையால் அலசி, முறுக்காமல், ஒரு துண்டில் சுருட்டி அழுத்தித் தண்ணீரை எடுங்கள். கொடியில் தொங்கவிட வேண்டாம். ஈரப் பருத்தி தன் கனத்திலேயே நீளும். காயும்போது அந்த நீளத்திலேயே நின்றுவிடும். பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஒரு பெட்டியை உள்ளே வைத்து, சுவர்களை நீவி நேராக்கி, நிழலில் நிறுத்திக் காயவையுங்கள். எங்காவது ஒரு கண்ணி மாட்டி இழுபட்டிருந்தால் வெட்டிவிடாதீர்கள். மழுங்கிய ஊசியால் பக்கத்து ஸ்டிட்ச்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிட்டால் அந்த நூல் திரும்ப உள்ளே போய்விடும்.